பாஸ்புக்கில் பிறந்த இன்வென்டரி

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எங்கள் குழு எடுத்த தலைப்பு, மருத்துவமனைகளுக்கான இணையவழி இன்வென்டரி. நாலு டேபிள், ஒரு லாகின் பக்கம், வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம். வளவனூரிலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுல பார்த்தா மாத்திர இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமாடா?" என்று கேட்டார். ஒரு அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று, கடைசியில் "வெளிய வாங்கிக்கோங்க" என்ற பதிலோடு திரும்பியவர் அவர்.

அந்தக் கேள்விக்காகப் பழைய கதையைத் தேடிப் படித்தேன். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். அதற்கு அடுத்த வருடம், 1994 ஜூலையில், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995 ஜனவரியில் மருந்து விநியோகம் ஆரம்பம். மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, வர்த்தகப் பெயரில்லாமல் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இறக்கினார்கள். எதை வாங்குவது என்பதற்கு ஒரு அத்தியாவசிய மருந்துப் பட்டியல். (உலக சுகாதார நிறுவனம் இப்படி ஒரு பட்டியலை முதலில் வெளியிட்டது 1977-ல்.) கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்சிலும் சாம்பிள் எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாஸ்புக்தான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கி, ஒரு பாஸ்புக் கொடுத்துவிடுவார்கள். கையில் காசு தருவதில்லை. கிடங்கில் மருந்தை எடுக்க எடுக்க அதன் மதிப்பு அதில் கழியும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது மருத்துவமனையே. காய்ச்சல் சீசனில் ஒன்று, பாம்புக்கடி அதிகமுள்ள ஊரில் வேறொன்று. நாங்கள் கோடில் எழுதத் திணறிய 'லிமிட் செக்' முழுவதும் அந்த நோட்டுக்குள் இருந்தது! கூடவே கிடங்கு இருப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சென்னைத் தலைமையகம் பார்த்துக்கொண்டது. எங்கே குறைகிறது, எது காலாவதியாகப் போகிறது என்று தெரிந்தால்தானே அடுத்த ஆர்டர் போட முடியும்?

இந்த முறையைப் பார்த்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகங்கள் அமைத்தன. ராஜஸ்தான் 2011-ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது, சி-டாக் செய்த இ-ஔஷதி என்ற இணையவழி மென்பொருள் கணக்கைப் பார்த்துக்கொண்டது. சாஃப்ட்வேர் பின்னால் வந்தது, விதிகள் முன்னால் வந்தன. நாங்கள் தலைகீழாக ஆரம்பித்திருந்தோம்.

சரி, பாட்டி கேள்விக்கு வருவோம். கிடங்கிலிருந்து பெட்டி கிளம்பியதும் கணக்கில் அது 'வழங்கப்பட்டது' ஆகிவிடும். வழங்கியதை எழுத இடம் உண்டு, கேட்டும் கிடைக்காததை எழுத எங்கள் நாலு டேபிளில் இடமே இல்லை. அதனால் ஐந்தாவதாக ஒன்று சேர்த்தோம்: தேதி, மருந்து, கேட்ட அளவு, கொடுத்த அளவு. வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த டேபிளைப் பற்றி மட்டும்தான் இருபது நிமிடம் கேட்டார்.