மடு மாதாவின் வழித்துணை

தோட்டத்தை விட்டுப் பிரிந்த நெகிரி செம்பிலான் தமிழர் ஆண்டுத் திருவிழாவில் மீண்டும் கூடுதல் நாமறிந்ததே. இலங்கையின் மன்னார் மாவட்டத்து மடு மாதா ஆலயமும் அத்தகைய கூடுமிடமே. ஆயின் அங்கே தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கூடுவர்.

ஒல்லாந்தர் காலத்தில், துன்புறுத்தலுக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாந்தையிலிருந்து சுமந்து வந்த திருவுருவம் அது. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர் அவ்விடத்தையும் விட்டுவைக்கவில்லை. 1999 நவம்பரில் எறிகணை வீழ்ந்து, ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் திருவுருவமே மீண்டும் அகதியாய்த் தேவன்பிட்டிக்குப் பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பியது.

2015 சனவரி 14ஆம் நாள் போப்பாண்டவர் பிரான்சிஸ் அங்குச் சென்று, இருமொழி மக்களோடும் இறைவேண்டல் புரிந்தார். இழந்தோர் இருவரும் ஒரே வாயிலில் முழந்தாளிடுதல் ஆறுதலின் தொடக்கம். காணாமற்போன மக்களைத் தேடும் தாயர்க்கு விடை கிடைத்தலே அதன் நிறைவு.