உலோகப் போர்வீரர் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டல்

உலோகப் போர்வீரர் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டல் என்பது, பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக்கலவையில் வார்க்கப்பட்ட சிறிய வீரர் உருவங்களைச் சீருடை நிறங்களில் தீட்டும் பொழுதுபோக்கு ஆகும். 18 ஆம் நூற்றாண்டுப் படைகளின், குறிப்பாக ஏழாண்டுப் போர்க் (1756–1763) காலப் படைகளின் பழைய உருவங்கள் சேகரிப்போரால் விரும்பப்படுகின்றன.

வரலாறு

18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஹில்பெர்ட் குடும்பத்தினர் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்தனர். 1893 இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய உருவங்களை வெளியிட்டது. பீட்டர் யங், ஜேம்ஸ் லாஃபோர்ட் எழுதிய "சார்ஜ்!" (1967), சார்ல்ஸ் கிராண்ட் எழுதிய "த வார் கேம்" (1971) ஆகிய நூல்கள், இவ்வுருவங்களைக் கொண்டு மேசை மீது ஆடும் போர் விளையாட்டைப் பரப்பின.

சீருடை நிறங்கள்

பொதுவாகப் பிரஷ்யக் காலாட்படை கருநீல மேலங்கியையும், பிரித்தானியப் படை சிவப்பையும், ஆஸ்திரியப் படை வெள்ளையையும் அணிந்தன. கைமடிப்பு, மார்புமடிப்பு ஆகியவற்றின் நிறங்கள் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்டு வேறுபட்டன. ஆகவே ஒரு மடிப்பின் நிறம் தவறினாலும் உருவம் வேறொரு ரெஜிமென்டைக் குறிக்கக்கூடும்.

செய்முறை

வார்ப்புப் பிசிறுகளை அரத்தால் நீக்கியபின், உருவம் சோப்பு நீரில் கழுவி உலர்த்தப்படுகிறது. அதன்மேல் அடிப்பூச்சும், பின்னர் எனாமல் அல்லது அக்ரிலிக் வண்ணமும், இறுதியில் வார்னிஷும் பூசப்படுகின்றன. பழைய மூலப் பூச்சை நீக்கினால் உருவத்தின் சேகரிப்பு மதிப்பு குறையக்கூடும்.

பாதுகாப்பு

ஈயம் நச்சுத்தன்மை உடையது. எனவே தூள் பறக்காதவாறு நனைத்து அராவுவதும், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுவதும் இன்றியமையாதன. ஓக் போன்ற மரங்களாலான பெட்டிகளிலிருந்து வெளிப்படும் அசிட்டிக் அமில ஆவி, ஈயத்தை அரித்து வெண்ணிறப் பொடியாக்குகிறது. இப்பொடி பெரும்பாலும் ஈயக் கார்பனேட்டு ஆகும். பூச்சு இவ்வரிப்பைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்காது. அரிக்கப்பட்ட முகமும் பொத்தான்களும் மீண்டும் கிடைப்பதில்லை. ஆதலால் தீட்டும் முறையைப் போலவே வைக்கும் இடமும் முக்கியமானது.