பரணில் தூங்கும் குரல்கள்

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா காலத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில், கனமான கறுப்புத் தட்டு ஏதாவது கிடக்கிறதா? நடுவில் ஓட்டை, சுற்றிலும் வட்டமாகக் காகிதம், அதில் குழல் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு நாய்... இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எடைக்குப் போட்டால் சில ரூபாய்தான் தேறும். ஆனால், உலகத்தில் வேறு எங்குமே இல்லாத ஒரு குரல் அதற்குள் இருக்கலாம்!

மிகையாகச் சொல்லவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? பிளாஸ்டிக் இல்லை. அரக்கு! புரசு போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் குட்டிப் பூச்சி சுரக்கிற பிசின். பாண்டவர்களைக் கொளுத்துவதற்காகத் துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே சரக்கு. அந்த அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து, சூடாக்கி அழுத்தினால் ரிக்கார்டு தயார். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், இழுத்துப் பிடித்தால் மூன்றரை. அவ்வளவுதான். உலகத்துக்கு அரக்கு சப்ளை செய்ததில் முதலிடம் நம் இந்தியாவுக்கு. 1942-இல், போர் மும்முரத்தில், அமெரிக்காவில் அரக்குக்கே ரேஷன் வந்தது. 'பழைய ரிக்கார்டைத் திருப்பிக் கொடுங்கள்' என்று அங்கே வீடு வீடாகக் கேட்டு வாங்கினார்கள். அப்படி உருக்கப்பட்ட தட்டுகளோடு எத்தனை குரல்கள் கரைந்து போயினவோ!

இந்தியாவுக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்தவர் ஃபிரெட் கெய்ஸ்பர்க். 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, ஹோட்டல் அறை ஒன்றில் மெஷினை மாட்டினார். பாடியவர் கௌஹர் ஜான். அப்போது மைக் கிடையாது. பெரிய குழலுக்குள் தலையை நுழைக்காத குறையாக நின்றுகொண்டு, தொண்டை கிழியப் பாட வேண்டும். பாட்டு முடிந்ததும், 'என் பெயர் கௌஹர் ஜான்' என்று ஆங்கிலத்தில் சொல்வார் அந்த அம்மாள். தற்பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய்த்தான் தட்டாக அச்சாக வேண்டும். அங்கே இருக்கிற ஆளுக்கு இந்துஸ்தானி தெரியுமா, தமிழ் தெரியுமா? எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று குழம்பாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகு இந்தக் கப்பல் பிரயாணம் குறைந்தது.

சென்னைக்கும் குழலோடு வந்தார்கள். இங்கே யார் முதலில் பாடியது? பெரிய பெரிய வித்வான்களா? பலர் கிட்டேயே வரவில்லை. மூன்று நிமிடத்தில் ராகம் பாடுவதாவது, கண்ட இடத்திலும் நம் சங்கீதம் ஒலிப்பதாவது என்று ஒரு தயக்கம். தைரியமாகக் குழல் முன்னால் வந்து நின்றவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள்... பரம்பரையாக இசையும் நாட்டியமும் கற்ற குடும்பங்களில் பிறந்தவர்கள். பின்னாளில் அதே குடும்பங்களை ஊர் ஒதுக்கியது. 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. முறை ஒழிந்தது நல்லதுதான். ஆனால், அந்தக் கலைஞர்களின் பெயர்களையும் சேர்த்தே மறந்துவிட்டோமே, அது நல்லதா?

தாயியின் கதையைக் கேளுங்கள். 1917-இல் காலமானவர். நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? ஆனால், மோரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளருக்குத் தெரிந்திருந்தது! 1912 வாக்கில் இந்தியாவுக்கு வந்த அவர், தாயியின் இசைத்தட்டுகளில் சொக்கிப்போனார். அவற்றின் தாக்கத்தில் அவர் பியானோவுக்காக எழுதிய இசைக்கோவைக்குப் பெயர் என்ன தெரியுமா? 'ராகமாலிகா'! நம்ம ஊர்த் தாளவாத்திய ஓசை பியானோவில் வரவேண்டும் என்பதற்காக, ஒரு தந்தியை மட்டும் அமுக்கி ஒலி மங்கும்படி செய்யச் சொன்னார். பியானோவின் தந்தியில் இப்படி விளையாடிய முதல் மேற்கத்திய இசைக்கோவைகளில் இது ஒன்று என்று இன்றைக்கும் இசை வரலாற்றுக்காரர்கள் எழுதுகிறார்கள். பாரிஸ்காரர் காது கொடுத்துக் கேட்டார். நாம்?

வீணை தனம்மாள் கதையும் இதுபோலத்தான். 1932-இல் கொலம்பியா கம்பெனி அவருடைய வாசிப்பைப் பதிவு செய்தது. 1938-இல் அவர் மறைந்தார். அந்தச் சில தட்டுகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால், 'ஆஹா, தனம்மாள் வாசிப்பைப் போல வருமா!' என்று பெரியவர்கள் சொல்வதை நாம் வெறுமனே நம்ப வேண்டியதுதான்.

1925-க்குப் பிறகு மைக் வந்தது. குழலுக்குள் கத்த வேண்டிய அவசியம் போனது. அப்புறம் பார்க்கணுமே! கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் ரிக்கார்டுகள் பட்டிதொட்டியெல்லாம் பறந்தன. கிட்டப்பா 1933-இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். இன்று நமக்கு மிச்சம் அந்தத் தட்டுகள்தான். காரைக்குடியில் அப்பாவின் கடையில் ரிக்கார்டு விற்கத் தொடங்கிய ஓர் இளைஞர், சென்னைக்கு வந்து 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' நடத்தி, ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு சேர்ந்து தட்டு வெளியிட்டார். யாரென்று தெரிகிறதா? பிற்காலத்தில் ஸ்டூடியோ கட்டிய ஏவி.மெய்யப்ப செட்டியார்தான்!

அவரை வைத்தே இன்னொரு கேள்வி. பாட்டு யாருக்குச் சொந்தம்? பாரதியார் பாடல்களை ரிக்கார்டில் போடும் உரிமை ஒரு வியாபாரியின் கைக்குப் போயிருந்தது. அவரிடமிருந்து அதைக் காசு கொடுத்து வாங்கினார் செட்டியார். 1947-இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி ஒலித்தார். 'மகாகவி பாட்டுக்குத் தனி ஆள் சொந்தம் கொண்டாடலாமா?' என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1949-இல் அரசாங்கம் கேட்டதும், பைசா வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார் செட்டியார். பாரதி பொதுச் சொத்தானார்.

சரி, ரிக்கார்டு சேர்ப்பவர்களிடம் வருவோம். இவர்களில் இரண்டு வகை. கிடைத்ததைப் பூட்டி வைத்து, 'என்னிடம் மட்டும்தான் இருக்கு' என்று ரகசியமாகச் சந்தோஷப்படுபவர்கள் ஒரு வகை. நாலு பேருக்குப் போட்டுக் காட்டினால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் இன்னொரு வகை. சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாற்பதாயிரத்துக்கும் அதிகமான 78 சுற்று ரிக்கார்டுகளைச் சேர்த்தவர். சேர்த்ததோடு நிற்காமல், எந்தப் பாட்டை யார் பாடியது, யார் இசை என்று ஓயாமல் எழுதியவர். இதில் என்ன பெரிய ஆராய்ச்சி என்கிறீர்களா? அந்தக் காலத்து சினிமாத் தட்டுகளில் பல நேரம் பாடியவர் பெயரே இருக்காது, ஐயா! 1949-இல் 'மஹால்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு ரிக்கார்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது கதாபாத்திரத்தின் பெயர். பாடியவரோ லதா மங்கேஷ்கர்!

மும்பையில் 1990-இல் ரிக்கார்டு ரசிகர்கள் சிலர் ஒரு சங்கமே தொடங்கினார்கள். ஓடியன் கம்பெனி 1912 முதல் 1916 வரையும், பிறகு 1932 முதல் 1938 வரையும் இந்தியாவில் பதிவு செய்தது. இரண்டு தடவையும் உலகப்போரின் அலையில் காணாமல் போனது. ஊர் ஊராகச் சேகரிப்பாளர்களிடம் கேட்டு அந்தத் தட்டுகளைத் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினிக்கு மாற்றி, எல்லோரும் கேட்கும்படி பொதுவில் வைத்தார்கள் அந்தச் சங்கத்துக்காரர்கள். சட்டமும் இதற்கு ஒத்துழைக்கிறது. இந்தியாவில் ஓர் ஒலிப்பதிவு வெளியாகி 60 வருடம் கடந்துவிட்டால் அந்தப் பதிவின் மீதான காப்புரிமை முடிந்துவிடும். பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனிக் கணக்கு. அதை மறந்துவிடக் கூடாது.

இது நம் ஊர் சங்கதி மட்டுமில்லை. அதே நாய் மார்க் கம்பெனி 1933 முதல் கியூபா நாட்டுப் பாட்டுகளை மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டாக விற்றது. அந்தத் தாளம் அங்கத்திய இசையில் கலந்தது. ஹைலைஃப், ஜூஜூ என்று நைஜீரியாவே ஆடியது. இன்றைக்கு அந்தப் பழைய தட்டுகளைத் தேடி லாகோஸ் சந்துகளில் அலைகிறவர்களில் ஐரோப்பியர்கள் நிறைய. நம்மிடமும் அப்படி ஒரு கிராக்கிச் சரக்கு உண்டு. மற்ற நாடுகள் 78 சுற்றுக்கு மூடுவிழா நடத்திய பிறகும், 1960-களில் இந்தியாவில் அது ஓடிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டைக்கூட அரக்குத் தட்டில் போட்டார்கள். அதற்கு வெளிநாட்டில் இன்று எக்கச்சக்க விலை!

ஆனால் நண்பர்களே, விலை வேறு, மதிப்பு வேறு. சென்னையில் பழைய ரிக்கார்டு வேட்டைக்கு மூர் மார்க்கெட்தான் சொர்க்கமாக இருந்தது. 1985 மே மாதம் அது தீயில் வெந்தது. அரக்குக்குத் தீயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்ன? ஊர்ப்பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ரிக்கார்டு போட்ட மைக் செட்காரர்களிடம் பெட்டி பெட்டியாக இருந்தன. கேசட் வந்ததும் அவையும் மூலைக்குப் போயின.

போனதெல்லாம் போகட்டும், இருப்பதைக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்பதற்குச் சாட்சி திருவான்மியூர் பக்கத்திலேயே இருக்கிறது. பறக்கும் ரயிலில் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கி, டைடல் பார்க் கட்டடத்தை வாய் பிளந்து பார்த்துவிட்டு, தரமணி மத்திய பாலிடெக்னிக் வளாகத்துக்குள் நடந்து பாருங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா, சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் சேர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூர் வீட்டுக்கே தேடிப் போனார்கள். 1992-இல் அவர் மறைந்தார். பெரும்பாலான சேகரிப்புகள் அந்த இடத்தில்தான் சிதறும். பிள்ளைகளுக்கு இடமில்லை, கரையானுக்குப் பசி! ஆனால், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. வாங்கி, அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்துப் படமெடுத்துப் பாதுகாத்தது. ஒரு தனி மனிதரின் பைத்தியம், தமிழர்களின் பொதுச் சொத்தானது இப்படித்தான்.

ரிக்கார்டுக்கும் இதுவேதான் வழி. ஒரே ஒரு வீட்டில் இருக்கும் குரலுக்கு ஒரு மழை போதும், ஒரு கைத்தவறல் போதும். நூறு பேரிடம் இருக்கும் குரலை யாராலும் அழிக்க முடியாது.

அதனால், தட்டு கிடைத்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம்போல நிற்க வையுங்கள். அழுக்கு போக வேண்டுமே என்று ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். பிரதி எடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள்.

அந்த நாலு பேரில் ஒருவராவது, 'யாருப்பா இந்தம்மா?' என்று கேட்பார். தாயிக்கும் கோதாவரிக்கும் நாம் பாக்கி வைத்திருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான்!