ஒற்றைத் தலைவலி மாத்திரை: நாள் கணக்கு முக்கியம்

தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாத நிலை. இவை மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள். வலி வந்ததும் வீட்டில் கிடக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்வது நம்மில் பலரின் வழக்கம். இது ஆபத்தானது.

மருத்துவர் எழுதித் தரும் சுமட்ரிப்டான் போன்ற மாத்திரைகள், வலி தொடங்கியதுமே எடுத்தால் நன்கு பயன் தரும். ஆனால் இவை இரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியவை. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் இவற்றை எடுக்கக் கூடாது. எனவே மகளுக்கு எழுதிய மாத்திரையை உம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

அடிக்கடி எடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சுமட்ரிப்டான் வகையை மாதத்தில் 10 நாட்களோ, பாராசிட்டமாலை 15 நாட்களோ எனத் தொடர்ந்து 3 மாதங்களுக்கு மேல் எடுப்போருக்கு இந்த நிலை வரலாம். மாத்திரை போட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவோம். அடிக்கடி வலி வந்தால், வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் ப்ராப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். ஆகவே நோய்களையும் கர்ப்பத்தையும் மறைக்காமல் சொல்வோம்.

திடீரெனத் தாங்க முடியாத வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மாத்திரையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வோம்.