பாண்டியன் அவையும் இயற்கை நீதியும்

மறுதரப்பைக் கேளாமல் தீர்க்காதே, உன் வழக்கில் நீயே நீதிபதி ஆகாதே என்ற இயற்கை நீதியின் இரு விதிகளை வழக்கறிஞர் சங்கத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. சட்டம் எதுவும் சொல்லாத இடத்திலும் அவை ஏன் செல்லும் என்பதே என் பொருள்.

சிலம்பு காட்டும் நெறி

செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளிலேயே, குற்றத்தை ஆராய்தலையும் எவர்பக்கமும் சாயாமையையும் வள்ளுவப் பெருந்தகை முறை என வகுத்துவிட்டார். அவை தவறினால் விளைவதைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டினார். அரசியின் சிலம்பைத் திருடியதாகப் பழிசுமத்தப்பட்ட கோவலனிடம் அது இருந்தால் மட்டுமே கொலை என்று நிபந்தனையோடுதான் பாண்டியன் ஆணையிட்டான். ஆனால் அவனை அவைக்கு அழைத்துக் கேட்கவில்லை. காவலரோடு சென்றவனோ, அச்சிலம்பை உண்மையில் கவர்ந்த பொற்கொல்லனே! கோவலன் தோற்றம் கண்டு காவலர் ஐயுற்றபோதும் பொற்கொல்லன் சொல்லே வென்றது. இரு விதிகளும் ஒரே நாளில் வீழ்ந்தன. பின்னர்க் கோவலன் மனைவி கண்ணகியின் வழக்கை மன்னன் கேட்டான். அவள் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் பிழையை ஏற்று உயிர் துறந்தான். அது அவன் பெருமை. ஆயினும் தண்டனைக்குப் பின் நடந்த விசாரணையால் கோவலன் மீளவில்லை.

தீர்ப்புகள் வளர்த்த நெறி

முன்னறிவிப்பின்றிக் கட்டினார் என்று கூப்பர் என்பவரின் வீட்டை லண்டன் வாண்ட்ஸ்வொர்த் வாரியம் இடித்தது. சட்டம் இடிக்க அதிகாரம் தந்ததே தவிர, உரிமையாளரைக் கேட்கச் சொல்லவில்லை. சட்டமன்றம் விட்டதைப் பொதுச்சட்டத்தின் நீதி நிரப்பும் என்று 1863-இல் நீதிபதி பைல்ஸ் பொருள் கொண்டார். பிறந்த தேதியை மாற்றி ஒரு பெண் மருத்துவரை ஓய்வில் அனுப்பிய ஒரிசா வழக்கில் (1967), நிர்வாக ஆணைக்கும் மறுதரப்பைக் கேட்கும் விதி பொருந்தும் என்றது நம் உச்ச நீதிமன்றம். கிரைபக் வழக்கில் (1969), தேர்வுக்குழு உறுப்பினரே தேர்வுக்குரியவராகவும் இருந்தார். தம் பெயர் வந்தபோது விலகியிருந்தும், போட்டியாளர்களை எடைபோடும்போது அமர்ந்திருந்தார். தேர்வுப் பட்டியல் ரத்தாயிற்று. மேனகா காந்தி வழக்கு (1978) இந்நெறியை அரசமைப்பின் 21ஆம் பிரிவோடு பிணைத்தது. ஆலை நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்ளும் முன்பே உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்றது சுதேசி காட்டன் மில்ஸ் வழக்கு (1981). பாண்டியன் அவையில் தவறியது அதுவன்றோ!

இளையோர்க்கு

இந்நெறிக்கு விதிவிலக்குகள் உண்டு, அரசமைப்பின் 311(2)-ஆம் பிரிவின் இரண்டாம் வரம்புரை அவற்றுள் ஒன்று. அவற்றைக் குறுக்கியே பொருள் கொள்ளுங்கள். விசாரணையில் அமரும் அலுவலர்களே, கோப்பில் முடிவை எழுதிவிட்டு விளக்கம் கேட்காதீர்கள். இளைய வழக்கறிஞர்களே, எளியவன் பணி இழந்து வந்தால், அவனைக் கேட்டார்களா என்பதே உங்கள் முதல் வினா ஆகட்டும்.