வண்டி ஏன் இழுக்கல?

"இன்ஜின் பவர் கொறஞ்சிருக்கு"ன்னு எந்த லாரி டிரைவரும் சொல்லமாட்டார். "வண்டி இழுக்க மாட்டேங்குது"ம்பார், அவ்ளோதான்.

எங்க நெட்டப்பாக்கம் பிரெஞ்சுக்காரங்க கையை விட்டுப் போனது 1954 மார்ச் கடைசியில. அதே வருஷம்தான் ஜாம்ஷெட்பூர்ல டாடா-பென்ஸ் லாரி வந்துச்சு. அடுத்த வருஷம் எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆச்சு. அந்தக் கால இன்ஜின்ல டீசலை அளந்து கொடுக்கிறது முழுக்க இரும்பு பம்புதான். வைத்தியமும் புகையைப் பார்த்துதான். கரும்புகைன்னா காத்து பத்தல, ஏர் ஃபில்டரைப் பாரு. நீலம்னா ஆயில் எரியுது. புகையே இல்லாம இழுக்கலையா? டீசல் போய்ச் சேரல: ஃபில்டர் அடைப்பு, இல்லன்னா லைன்ல காத்து.

2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்துச்சு. இப்ப புகையை வடிகட்டிடுறாங்க, கண்ணுக்குத் தெரியாது. யூரியா கரைசல் தீர்ந்தா, கம்ப்யூட்டரே வேணும்னு பவரைக் குறைக்கும். முன்னாடி நோயா இருந்தது, இப்ப தண்டனையாவும் ஆயிடுச்சு!

பொட்டி தட்டுற எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு: எர்ரர் கோடு, எங்க வலிக்குதுன்னுதான் சொல்லும், ஏன்னு சொல்லாது. 'டர்போ காத்தழுத்தம் கம்மி'ன்னு கோடு வரும். கிழிஞ்ச ஹோஸைக் கண்டுபிடிக்க 'உஸ்ஸ்'னு சத்தம் கேக்குற காது வேணும். ரோட்டோர மெக்கானிக்குகள்கிட்ட அந்தக் காது இருக்கு. ஸ்கேனரும் கைக்குக் கிடைச்சா பொழைச்சுக்குவாங்க. கிடைக்கலைன்னா, அந்தக் காதும் அவங்களோட போயிடும்.