ஆயிர மசலாவும் சாவகத்துச் சமூதும்

கடற்காற்று எட்டாத சேலம், நாமக்கல் சமவெளியில் கூடும் நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் சாவகத் தீவுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். மணிமேகலை பயின்றோர்க்கு அந்நாடு புதிதன்று. ஆபுத்திரன் மறுபிறப்பில் அரசாண்ட நாடு. பின்னாளில் அச்சாவகத்துக்கும் தமிழுக்கும் ஒரு நூல் பொதுவாயிற்று.

அப்துல்லாஹ் இப்னு சலாம் என்னும் யூத அறிஞர் நபிகள் நாயகத்திடம் வினாக்களை அடுக்கி, விடைபெற்றுத் தெளிந்து இசுலாத்தைத் தழுவிய கதை அரபியில் எழுந்தது. 1143இல் அது இலத்தீனுக்குச் சென்றது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் அதனை 'ஆயிர மசலா' எனத் தமிழ்ச் செய்யுளாக்கினார். மசலா என்றால் வினா, அடுக்களைச் சரக்கன்று. முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழிலக்கியங்களுள் காலத்தால் முந்தியது இதுவே.

சாவகத்தில் இக்கதை 'செரத் சமூத்' ஆயிற்று. யூத அறிஞரின் பெயர் அங்கே சமூத். மாச்சப்பட் என்னும் நாட்டு யாப்பில் அதனைப் பாடினர். இவ்யாப்பின் ஒவ்வொரு வகைக்கும் அடிகள் இத்தனை, அடிதோறும் ஒலிக்கும் உயிர்கள் இத்தனை, ஈற்றில் நிற்கும் உயிர் இன்னது என வரையறை உண்டு. எழுத்தெண்ணிப் பாடி ஏகாரத்தில் முடிக்கும் கட்டளைக் கலித்துறையில் கைபழகிய நம் கவிஞர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். எழுத்தறியாதவரும் செவிவழியே சமயம் கற்றது இத்தகைய பாட்டினால்தான். பாவைக்கூத்தையும் இசுலாம் பரப்பும் கருவியாக்கினார் என்று சுனான் கலிஜாகாவைப் பற்றி அந்நாட்டு மரபு கூறும்.

பெசந்திரன் எனப்படும் அவர்தம் சமயப் பள்ளிகளின் பாடமுறை இன்னும் சுவையானது. ஆசிரியர் அரபு நூலைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பார். மாணவர் ஒவ்வொரு சொல்லின் கீழும் சாவகப் பொருளை, பெகோன் என்னும் அரபு எழுத்தில், சாய்வாகத் தொங்கவிட்டு எழுதுவர். இதற்குத் 'தொங்கு பொருள்' என்றே பெயர். தாடி போல் தோன்றுவதால் தாடியென்றும் சொல்வதுண்டு. எழுவாயின் பொருளுக்கு முன் 'உதாவி' என்றொரு குறி வரும். நம் பதவுரையோ பொருள் மட்டும் தரும். இதுவோ இலக்கணத்தையும் உடன் கற்பிக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வளர்ந்த அரபுத்தமிழ், பெகோனுக்கு உடன்பிறப்பு எனலாம். அப்பள்ளி மாணவரைக் குறிக்கும் 'சந்திரி' என்ற சொல்லே தமிழ்வழி வந்தது என்பாரும் உளர். எனக்கு அதில் ஐயமுண்டு.

வியப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய சில சாவக நூல்களில் சமூத் வினவுவதில்லை. அவனே குருவாகி விடையளிக்கிறான். கேட்டவனைச் சொல்பவனாக்கும் துணிவு, அக்கதையைத் தம்முடையதாகவே கொண்டவர்க்கன்றி வாராது. நாமோ 'ஆயிர மசலா'வைச் சமய இலக்கியம் என்ற பேழையில் பூட்டி, இலக்கிய வரலாற்றில் இரு வரியோடு விடுகிறோம். பத்தாண்டுக் கூட்டங்களில் அதன் ஒரு செய்யுளைக்கூட நாம் ஓதக் கேட்டதில்லை.

வரும் ஆண்டின் முதற் கூட்டத்தில் ஒருவர் வினாவைப் பாட, மற்றவர் விடையைப் பாட, அந்நூலின் ஒரு பகுதியையேனும் அரங்கேற்ற வேண்டுகிறேன்.